ரோம் நகரில் இரண்டரை நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியப் பயணத்தின் நடுவே ரோம் நகருக்கு இரண்டு அல்லது மூன்று இரவுகளை மட்டுமே ஒதுக்க முடிந்தவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கட்டணங்களும் திறப்பு நேரங்களும் அவ்வப்போது மாறுவதால், புறப்படுவதற்கு முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டரை நாளில் ரோம் நகரைப் பார்த்துவிட முடியுமா?

முழுவதையும் பார்க்க முடியாது. ஒரு மாதம் தங்கினாலும் முடியாது. ஆனால் மனநிறைவோடு திரும்பும் அளவுக்குப் பார்க்கலாம். மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் ஆரேலியன் எழுப்பத் தொடங்கிய மதில் சுமார் 19 கிலோமீட்டர் நீளமே கொண்டது. பயணிகள் தேடிவரும் பழைய இடங்களில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பழைய பேரரங்கமான கொலோசியத்திலிருந்து பழங்கோயிலான பாந்தியன் வரை நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம்தான் ஆகும். ஆகவே இந்த நகரத்தில் தொலைவு ஒரு தடையே அல்ல. வரிசையில் நிற்கும் நேரமும், நுழைவுச்சீட்டில் குறிக்கப்பட்ட நேரமும்தான் நாளை விழுங்குகின்றன. நேரம் குறித்த நுழைவுச்சீட்டு நாளொன்றுக்கு ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தை நடைக்கு விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கருத்தையொட்டியே அமைந்துள்ளன.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர் ஆகிய மாதங்களில் வெயிலும் மழையும் மிதமாக இருக்கும். ஆனால் ஈஸ்டர் வாரத்தில் வத்திக்கான் பக்கம் கூட்டம் அலைமோதும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெப்பம் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். நமக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று எண்ணத் தோன்றும். ஆனால் நிழலே இல்லாத கல்வெளியில் நான்கு மணி நேரம் நடப்பது வேறு விஷயம். ஆகஸ்ட் 15ஆம் தேதி பெருவிடுமுறை என்பதால், அதையொட்டிய நாட்களில் குடும்பத்தினர் நடத்தும் பல உணவகங்கள் மூடியிருக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் கூட்டம் குறைவு. அதற்கு ஈடாகப் பகற்பொழுதும் குறைவு. டிசம்பரில் ஏறக்குறைய 4.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். திறந்தவெளித் தொல்லியல் இடங்களும் அதற்கேற்பச் சீக்கிரமே மூடப்படும். குளிர்காலத்தில் செல்பவர்கள் காலை நேரத்தை வீணாக்கக் கூடாது.

விசா வேண்டுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான, குறுகிய காலத் தங்கலுக்கான ஷெங்கன் விசா தேவை. மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாட்களுக்கு முன் என்றாலும், கோடை விடுமுறைக் காலத்தில் அந்த எல்லையை நம்பி இருப்பது ஆபத்து. குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதங்களுக்குக் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். பல நாடுகளுக்குச் செல்பவர்கள் எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரோமில் இரண்டு இரவும் பாரிஸில் ஐந்து இரவும் தங்குபவர் இத்தாலியிடம் விண்ணப்பித்தால் அது தவறான இடம். வத்திக்கான் தனி நாடு என்றாலும் அங்கே நுழையத் தனி விசா கிடையாது. எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையும் இல்லை.

எவற்றுக்கெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்?

இரண்டுக்குக் கண்டிப்பாக வேண்டும்: கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம். இவ்விரண்டின் சீட்டும் கையில் இல்லாமல் விமானத்தில் ஏறுவது, திருமண மண்டபம் பிடிக்காமல் பத்திரிகை அடிப்பதைப் போன்றது.

கொலோசியச் சீட்டு வருபவரின் பெயரில் வழங்கப்படுகிறது; நுழைவாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வழக்கமாகப் பார்வை நாளுக்கு 30 நாட்களுக்கு முன்பு விற்பனை தொடங்குகிறது. சாதாரணச் சீட்டிலேயே கொலோசியத்தோடு, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும் அதையொட்டிய பாலத்தீன் குன்றும் அடங்கும். நேரம் குறிக்கப்படுவது கொலோசியத்துக்கு மட்டுமே. அரங்கத் தளத்தில் இறங்கவோ, அதன் அடியிலுள்ள நிலவறைகளைப் பார்க்கவோ விரும்பினால் அதற்குரிய தனி வகைச் சீட்டை வாங்க வேண்டும். அவை மிக விரைவில் தீர்ந்துவிடும். அதிகாரபூர்வ இணையதளத்தைப் போலவே தோற்றமளித்து, அதே சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் தளங்கள் ஏராளமாக உள்ளன. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் நுழைவுக்கட்டணம் உண்டு. வார இறுதியில் செல்பவர்கள் முன்கூட்டியே வாங்குவது வசதி. போர்கேசே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரப் பிரிவுகளாக மட்டுமே ஆட்களை அனுமதிப்பதால், அங்கே முன்பதிவு இல்லாமல் போய் நிற்பதில் பயனில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் கொலோசியம் உள்ளிட்ட அரசு இடங்களில் நுழைவு இலவசம். குறுகிய பயணத்தில் வந்தவர்கள் அந்த இலவசத்தைத் தவிர்ப்பதே மேல்; மிச்சமாகும் பணத்தைவிட வரிசையில் கரையும் நேரம் பெரிது.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

கொலோசியத்துக்கும் டெர்மினி ரயில் நிலையத்துக்கும் இடையே உள்ள மோன்டி பகுதியை முதலில் சொல்வேன். அங்கிருந்து பழைய ரோம் முழுவதற்கும் நடந்து செல்லலாம். ரயில் நிலையமும் அருகிலேயே இருக்கிறது. வத்திக்கானை ஒட்டிய பிராட்டி பகுதி அமைதியானது. குடும்பத்தோடு செல்பவர்களுக்கு ஏற்றது. டெர்மினி நிலையத்தைச் சுற்றி வாடகை குறைவு, ஆனால் தெருவுக்குத் தெரு தரம் மாறும். நகரத்துக்கு வெளியே மலிவாக அறை எடுத்தால், வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரமாகத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். விடுதிக் கட்டணத்தோடு, நபருக்கும் இரவுக்கும் இவ்வளவு என்று நகராட்சி வரியும் தனியாக வசூலிக்கப்படும். முன்பதிவின்போது காட்டப்படும் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் எப்படி வருவது?

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் எங்கும் நிற்காமல் 32 நிமிடங்களில் டெர்மினிக்கு வந்துவிடும். அதே நிலையத்திலிருந்து புறப்படும் மற்றொரு உள்ளூர் ரயில் மலிவானது. ஆனால் அது டெர்மினிக்கு வராது, டிராஸ்டெவெரே, ஓஸ்தியென்சே, திபுர்த்தினா நிலையங்கள் வழியாகச் செல்லும். காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள கருவியில் முத்திரை பதிக்க வேண்டும். மறந்தவர்களுக்கு அபராதம் உண்டு. ஆரேலியன் மதிலுக்குள் எங்கு இறங்கினாலும் வெள்ளை நிற உரிமம் பெற்ற டாக்சிகளுக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்தான். நான்கு பேராக, பெட்டிகளோடு வருபவர்களுக்கு ரயிலைவிட அது பெரிய செலவாக இருக்காது. வருகைக் கூடத்திலேயே வந்து அழைப்பவர்களோடு மட்டும் போகக் கூடாது.

நகருக்குள் மெட்ரோ போதுமா?

போதாது. தோண்டும் இடமெல்லாம் தொல்பொருள் வெளிப்படும் ஊரில் சுரங்கப் பாதை அமைப்பது எளிதல்ல. அதனால் பாந்தியன், நவோனா சதுக்கம் போன்ற நடுப்பகுதிகளுக்கு மெட்ரோ நிலையமே இல்லை. கொலோசியத்துக்கு பி தடமும், வத்திக்கானுக்கு ஏ தடத்தில் ஒத்தவியானோ நிலையமும் பயன்படும். வங்கி அட்டையை நுழைவாயிலில் தொட்டே பயணிக்கலாம்.

நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?

நண்பகலில் வந்து சேர்பவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளின் மீதிப் பொழுதுக்கு நேரம் குறித்த எந்தச் சீட்டும் வாங்க வேண்டாம்; விமானம் தாமதமானாலும் எதுவும் கெடாது. பெட்டியை வைத்துவிட்டு போப்போலோ சதுக்கத்திலிருந்து தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினால், ஸ்பானியப் படிகள், திரெவி நீரூற்று, பாந்தியன், நவோனா சதுக்கம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஸ்பானியப் படிகளில் உட்கார 2019 முதல் தடை உள்ளது, காவலர்கள் எழுப்பிவிடுவார்கள். 1762இல் கட்டி முடிக்கப்பட்ட திரெவி நீரூற்றுக்கு இன்றும் நீர் தருவது, கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த கன்னி நீர்க்கால்வாயின் வழிதான். பகலில் அங்கே மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும். இரவு பத்து மணிக்கு மேல் அல்லது விடியற்காலையில் போனால் நீரோசை கேட்கும்.

நவோனா சதுக்கம் நீண்டு, ஒரு முனை வளைந்து இருப்பதற்குக் காரணம், அது பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் மேலேயே எழுந்தது என்பதே. அதன் நடுவில் சிற்பி பெர்னினி 1651இல் முடித்த நான்கு நதிகளின் நீரூற்று உள்ளது. தன்யூப், நைல், லா பிளாட்டா ஆகியவற்றோடு நான்காவதாக அங்கே அமர்ந்திருப்பது நம் கங்கை. ஆனால் தாடி வைத்த ஆணாக, கையில் துடுப்போடு இருப்பதால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை.

இரண்டாம் நாள் முழுவதும் பழைய ரோமுக்கு: கொலோசியம், ஃபோரம், பாலத்தீன் குன்று, மாலையில் கபிட்டோல் குன்று. மூன்றாம் நாள் காலை வத்திக்கான், பிற்பகலில் பேரரசர் ஹாட்ரியனின் கல்லறையாகத் தொடங்கிப் பிறகு போப்பாண்டவர்களின் கோட்டையாக மாறிய சாந்தாஞ்செலோ, பொழுது சாயும்போது ஆற்றைக் கடக்காமலேயே தெற்கே நடந்து டிராஸ்டெவெரே பகுதி. மூன்றாம் நாள் ஞாயிறாகவோ புதனாகவோ அமைந்தால் இரண்டாம், மூன்றாம் நாட்களை மாற்றிக்கொள்ள வேண்டும். காரணம் வத்திக்கான் பற்றிய பதிலில் இருக்கிறது.

கொலோசியத்திலும் ஃபோரத்திலும் வெறும் இடிபாடுகள்தானே? அங்கே என்ன பார்ப்பது?

முன்கூட்டிச் சிறிது தெரிந்துகொண்டு போகாவிட்டால் அவை வெறும் கற்களாகவே தெரியும் என்பது உண்மை. பேரரசன் நீரோ தன் அரண்மனைக்காக ஓர் ஏரி வெட்டியிருந்த இடத்தில், அவனுக்குப் பின் வந்த வெஸ்பாசியன் மக்களுக்கான அரங்கத்தைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் அதைத் திறந்துவைத்தான். தனியொருவனின் நிலத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் அரசியல் அதில் இருந்தது. வெளிச்சுவரின் ஒரு பக்கம் மட்டும் முழு உயரத்துக்கு நிற்பதையும் மறுபக்கம் தாழ்ந்திருப்பதையும் காணலாம். 1349இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தென்பகுதி சரிந்தது, சரிந்த கற்கள் நகரத்தின் பிற கட்டடங்களுக்குப் போயின. வெளியே நின்று வளைவுகளின் மேற்பகுதியை உற்றுப் பார்த்தால் ரோமானிய எண்கள் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். அவை நுழைவாயில் எண்கள். அன்றும் பார்வையாளர்கள் தங்களுக்குரிய வாயிலைத் தேடித்தான் நுழைந்திருக்கிறார்கள்.

ஃபோரத்தில் மூன்று இடங்களில் நின்றால் போதும். முதலாவது டைட்டஸ் வளைவு: கி.பி. 70இல் எருசலேம் கோயிலைச் சூறையாடி, ஏழு கிளை விளக்கைத் தூக்கி வரும் வீரர்களின் ஊர்வலம் அதன் உட்புறத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பேரரசர் மாக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரும் வளைவுகள். அந்த மண்டபம் எழுவதற்கு முன் அதே இடத்தில் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. முசிறியில் பொன்னைக் கொடுத்து யவனர் ஏற்றிச் சென்ற மிளகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எப்போதாவது யோசித்திருந்தால், விடைகளில் ஒன்று அந்த மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தமிழர் ஒருவர் அந்த வளைவுகளின் கீழ் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பதில் தவறில்லை. மூன்றாவது, செனட் அவை கூடிய கூரியா கட்டடம்.

வெயில் காலத்தில் ஃபோரத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஓரளவு நிழலுள்ள கொலோசியத்துக்கு நண்பகலில் நேரம் வாங்குவது நல்லது. குளிர்காலத்தில் இதைத் திருப்பிப் போடலாம். மாலையில் கபிட்டோல் குன்றில் மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தைக் கடந்து, நகராட்சி மாளிகையின் பக்கவாட்டில் கீழிறங்கும் வழியில் நின்றால், ஃபோரம் முழுவதும் மஞ்சள் விளக்கொளியில் காலடியில் விரிந்து கிடக்கும். அதற்குக் கட்டணம் இல்லை.

பாந்தியனை ஏன் எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்கள்?

ரோமில் இடிபாடாக இல்லாத பழங்கட்டடம் அது என்பதால். ஹாட்ரியன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 126இல் முடிக்கப்பட்ட அதன் குவிமாடம் 43 மீட்டருக்குச் சற்று அதிக விட்டம் கொண்டது. தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. கம்பி சேர்க்காத காங்கிரீட்டால் ஆன குவிமாடங்களில் இன்றுவரை அதைவிடப் பெரியது இல்லை. மேலே செல்லச் செல்லச் சுவரின் தடிமனைக் குறைத்தும், கலவையில் எடை குறைந்த எரிமலைக் கற்களைச் சேர்த்தும் அதைச் சாதித்தார்கள். உச்சியில் மூடியில்லாத வட்டத் திறப்பு இருப்பதால் மழை நேராக உள்ளே பெய்யும். தரையில் அதற்கென வடிகால் துளைகள் உண்டு. மழை நாளில் வருத்தப்படாமல் அங்கே போகலாம். கி.பி. 609இல் தேவாலயமாக மாற்றப்பட்டதே அது தப்பிப் பிழைத்ததற்குக் காரணம். ஓவியர் ரஃபாயேலின் கல்லறையும் அங்கேதான்.

வத்திக்கானுக்கு எந்த நாளில், எப்படிச் செல்வது?

அருங்காட்சியகமும் புனித பேதுரு பேராலயமும் ஒரே இடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் வாயில் வேறு, வரிசை வேறு. அருங்காட்சியகத்தின் வாயில் வடக்கு மதிலில் இருக்கிறது. பேதுரு சதுக்கத்திலிருந்து மதிலைச் சுற்றி நடக்கக் கால் மணி நேரமாவது வேண்டும்.

அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறக்கிறார்கள். அன்று உள்ளே நடக்க வேண்டியதில்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போகும். புதன்கிழமை காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடைபெறும்போது பேராலயத்துக்குள் செல்ல முடியாது. அவர் ஊரில் இல்லாத வாரங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

காலை முதல் நேரத்துக்கு அருங்காட்சியகச் சீட்டு வாங்குவதே நல்லது. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய கூரையும், 1541இல் முடித்த இறுதித் தீர்ப்பும் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம் நீண்ட பாதையின் ஏறக்குறைய கடைசியில் வருகிறது. வழியில் ரஃபாயேலின் அறைகளை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. சிற்றாலயத்தில் படம் எடுக்கத் தடை. அங்கிருந்து பேராலயத்துக்கு நேரே செல்லும் ஒரு கதவு உண்டு; அது பொதுவாக வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கே என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பேராலயத்தில் நுழைவு இலவசம். பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் நீளும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இது ஆண்களுக்கும் பொருந்தும். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் சென்றாலும் 320 படிகள் எஞ்சியிருக்கும். மேல் பகுதியில் சுவரோடு சேர்ந்து உடம்பையும் சாய்த்து ஏற வேண்டிய குறுகலான வழி என்பதால், மூச்சுத்திணறல் உள்ளவர்களும் அடைபட்ட இடத்தில் அஞ்சுபவர்களும் கீழேயே நின்றுவிடலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கொலோசியம் அல்லது வத்திக்கான், இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் முடித்தவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் கால்வலியைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் காலையில் கொலோசியமும் ஃபோரமும், பிற்பகலில் பாந்தியனும் நவோனாவும், இரவில் திரெவி.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பெயரை நம்பக் கூடாது. ரோமின் புகழ்பெற்ற பாஸ்தா வகைகளில் கார்போனாராவிலும் அமாத்ரிச்சானாவிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி சேரும். பாலாடையும் மிளகும் மட்டுமே சேரும் காச்சோ எ பேப்பே சைவமாகத் தோன்றும்; அதிலுள்ள பெக்கொரினோ பாலாடையை ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைக் கொண்டு உறையவைப்பதால், கண்டிப்பான சைவர்கள் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு மரினாரா பீட்சா பாதுகாப்பானது: தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ மட்டுமே, பாலாடைகூட இல்லை. சுப்ளி என்னும் பொரித்த அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். இரவு உணவுக்கு ஏழரை மணிக்கு முன் போனால் கதவு மூடியிருக்கலாம். காப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை.

குடிநீர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். நகரெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வார்ப்பிரும்புத் தெருக்குழாய்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வளைந்த குழாயைப் பார்த்து ‘பெரிய மூக்கு’ என்ற பொருளில் நசோனே என்று அழைக்கிறார்கள். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிடும், அப்படியே குடிக்கலாம். காலிப் போத்தல் ஒன்று போதும்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லலாம், ஆனால் தரையைப் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், மழையில் வழுக்கும். ஃபோரத்தின் பழம்பாதை அதைவிடக் கடினம். மெல்லிய செருப்பு உதவாது. குழந்தை வண்டியின் சிறு சக்கரங்களும் தாங்கா. கொலோசியத்தில் மின்தூக்கி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் பாலத்தீன் குன்றை விட்டுவிட்டு, கபிட்டோல் குன்றின் மேலிருந்தே ஃபோரத்தைப் பார்த்துவிடலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அரசு நடத்தும் இடங்களில், எந்த நாட்டவரானாலும், நுழைவு இலவசம். ஆயினும் கொலோசியத்துக்கு அவர்கள் பெயரிலும் சீட்டுப் பதிவு செய்தாக வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

திருட்டு பயம் உண்டா?

வன்முறை அரிது, ஜேப்படி சாதாரணம். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பேருந்தும் மெட்ரோவின் ஏ தடமும் அதற்குப் பெயர் போனவை. கையில் கயிறு கட்ட வருபவரிடமும், ரோஜாப்பூவை இலவசம் என்று நீட்டுபவரிடமும் கையை நீட்டாமல் நடந்துவிட வேண்டும். பழங்கால வீரர் உடையில் நிற்பவரோடு படம் எடுத்தால் பணம் கேட்பார். கொலோசியச் சுவரில் பெயர் பொறிப்பது குற்ற வழக்காகும்; நீரூற்றுகளில் கால் நனைத்தால் அபராதம்.

நுழைவுச்சீட்டு இல்லாமல் நல்ல ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

ரோம் தேவாலயங்களின் பெருமையே அதுதான். பாந்தியனுக்கு அருகே சான் லுயிஜி தேய் ஃபிரான்சேசி ஆலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ தீட்டிய மத்தேயு ஓவியங்கள் மூன்றும், போப்போலோ சதுக்கத்து ஆலயத்தில் அவருடைய மற்றும் இரண்டு ஓவியங்களும் உள்ளன. கொலோசியத்துக்குச் சற்று மேலே சான் பியெத்ரோ இன் வின்கோலி ஆலயத்தில் மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை இருக்கிறது. ஓவியத்தின் மேல் விளக்கு எரியச் சில்லறைக் காசு போட வேண்டியிருக்கலாம். பல ஆலயங்களை நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுவதால் காலையோ மாலையோ செல்ல வேண்டும். கட்டணம் உண்டு என்றாலும் சான் கிளெமென்தே ஆலயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயத்தின் அடியில் நான்காம் நூற்றாண்டு ஆலயம், அதற்கும் அடியில் மித்ர தெய்வத்தின் வழிபாட்டிடமும் பழைய ரோமின் தெருமட்டமும். ஒரு மணி நேரத்தில் படியிறங்கியே பார்த்துவிடலாம்.

எதை விட்டுவிடலாம்?

ஆப்பியன் சாலை, நிலத்தடிக் கல்லறைகள், ஓஸ்தியா துறைமுக இடிபாடுகள் ஆகியவை ஒவ்வொன்றும் அரை நாள் கேட்பவை. இரண்டரை நாளில் அவற்றைச் சேர்த்தால் மற்றவை கெடும். சிற்பத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் மட்டும் சாந்தாஞ்செலோவுக்குப் பதிலாகப் போர்கேசே கலைக்கூடத்தை வைத்துக்கொள்ளலாம். ஓட ஓட மரமாக மாறும் கிரேக்கப் புராணப் பெண் டாஃப்னேயின் விரல்நுனியில் பெர்னினி பளிங்கிலேயே இலைகளைத் துளிர்க்கவைத்திருப்பதை அங்கே பார்க்கலாம். அந்தக் கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.